நடராஜர் காலடியில் படுத்திருப்பது யார்?

 

கொஞ்சம் நீளமான பதிவு இது. வேலை முடிஞ்சு வந்து சாவகாசமா படிங்க. மார்கழித் திருவாதிரை நெருங்கி வருது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை திருப்பணிக் கூட்டமும் இருக்கு. இரண்டுக்கும் முன்னாடி இதை எழுதிவிட வேண்டும் என்று தொண்டர்கள் நாங்கள் பேசி முடிவு செய்தோம்.

விஷயம் இதுதான். போன மாதம் சமய வகுப்பில் படிவம் 1 படிக்கும் ஒரு பையன் கேட்டான். "அங்கிள், ஸ்கூல்ல என் கூட்டாளி கேக்குறான், உங்க சாமி ஏன் ஒரு சின்னப் பிள்ளைய மிதிச்சிக்கிட்டு ஆடுதுன்னு. நான் என்ன சொல்றது?"

நாங்கள் நான்கு பேர் அங்கே இருந்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். "அது பிள்ளை இல்லப்பா, அசுரன்" என்று ஒருவர் சொல்லி முடிக்கப் பார்த்தார். பையன் விடவில்லை. "அசுரன்னா ஏன் இன்னும் சாகல? தலையத் தூக்கி மேல பாத்துக்கிட்டு இருக்கானே?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. கையில் சுண்டலைக் கொடுத்து அனுப்பி வைத்தோம்.

வெட்கமாகத்தான் இருந்தது. இருபது வருஷமாக அபிஷேகத்துக்கு முந்தின நாள் நம் நடராஜரைப் புளியும் விபூதியும் போட்டுத் தேய்க்கிறவர்கள் நாங்கள்தான். சுவாமியின் பாதத்துக்கும் கீழே படுத்திருப்பவர் முதுகுக்கும் நடுவே விரல் போகாது, பழைய பல் துலக்கும் பிரஷ் விட்டுத்தான் அழுக்கு எடுப்போம். அவ்வளவு பக்கத்தில் பார்த்தும் அவர் பெயர் முயலகன் என்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

அடுத்த வாரமே இன்னொரு சம்பவம். மண்டப முகப்பில் இருக்கும் சுதை நடராஜரில் முயலகன் பகுதி மழையில் உடைந்து போனது எல்லோருக்கும் தெரியும். கும்பாபிஷேகத்துக்குள் அதைச் சரி செய்யணும். அப்போது ஓர் அன்பர் சொன்னார், நல்ல மனசோடுதான் சொன்னார்: "உடைஞ்சது உடைஞ்சதாவே போகட்டும். அந்த இடத்துல ஒரு தாமரைப்பூ வச்சிடலாம். பாக்க அழகா இருக்கும், பிள்ளைங்களும் பயப்படாது, மத்த இனத்தவங்களும் தப்பா நினைக்க மாட்டாங்க." பலர் தலையாட்டினார்கள். நாங்களும் ஆட்டினோம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

வீட்டுக்குப் போன பிறகு மனசு கேட்கவில்லை. குருக்களைக் கேட்டோம், தேவார வகுப்பு ஐயாவைக் கேட்டோம், புத்தகங்களைத் தேடிப் படித்தோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். பிழை இருந்தால் பெரியவர்கள் திருத்துங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லணும். அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கோயில் சிலைதான் மற்றவர்களுக்குப் புத்தகம். சுவாமி கையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஓர் எழுத்து மாதிரி. ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் சொல்வதை நம் பெரியவர்கள் உருவகம், குறியீடு என்பார்கள். நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். லயத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் ஒரு கல்லையோ சூலத்தையோ நட்டுத்தான் கும்பிட ஆரம்பித்தார்கள். அந்தக் கல் அவர்களுக்கு வெறும் கல்லா? ஊரில் விட்டு வந்த அம்மனே அதுதான். பார்க்கிறவனுக்குப் பொருள் தெரிந்தால் கல்லும் பேசும், தெரியாவிட்டால் பொன் சிலையும் பேசாது.

நடராஜர் வடிவம் ஒரே நாளில் வந்தது இல்லை. முதலில் பாட்டில்தான் வந்தது. சுமார் 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காரைக்கால் அம்மையார், அழகான உடம்பு வேண்டாம் என்று பேய் உருவம் கேட்டு வாங்கி, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இறைவன் ஆடும் ஆட்டத்தைப் பாடினார். 7-ஆம் நூற்றாண்டில் அப்பர் சுவாமிகள் தில்லைக்கு வந்து, தூக்கிய திருவடியைக் காணக் கிடைக்கும் என்றால் இந்த மனிதப் பிறவியே வேண்டும் என்று உருகினார். பிறவியே வேண்டாம் என்று கேட்பதுதான் வழக்கம், அப்பர் அதை மாற்றிக் கேட்டார். அந்த ஆட்டம் அவரை அப்படிச் செய்திருக்கிறது.

கல்லில் பார்த்தால், 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் சீயமங்கலத்தில் குடைந்த குகைக் கோயிலின் தூணில் ஆடும் சிவன் சிறியதாக இருக்கிறார். கர்நாடகத்தில் பாதாமிக் குகையில் 18 கைகளோடு ஆடுகிறார். வங்காளத்தில் காளை மாட்டின் முதுகில் நின்று ஆடுகிறார். ஒவ்வொரு நாட்டுச் சிற்பியும் தனக்குத் தெரிந்த மொழியில் எழுதியிருக்கிறார். காலடியில் முயலகன், நான்கு கை, சுற்றிலும் தீச்சுடர் விடும் திருவாசி என்று இன்று நம் கண்ணில் நிற்கும் வடிவம் சோழ நாட்டுச் சிற்பிகள் நிலைநிறுத்தியது.

அதில் ஒரு பெண்மணிக்குப் பெரிய பங்கு உண்டு. செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழரின் பட்டத்தரசி, உத்தம சோழரின் தாயார், 10-ஆம் நூற்றாண்டு. கணவரும் சிவபக்தர். அவர் தில்லைக் கூத்தனைப் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அவர் காலத்துக்குப் பிறகு அந்த அம்மையார் பல ஆண்டுகள் விதவையாக வாழ்ந்து, செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக்கினார். அப்படிக் கட்டிய கோயில்களில் தெற்குச் சுவரில் ஆடவல்லானுக்கு மாடம் அமைத்தார். செப்புத் திருமேனி வார்ப்பதும் அந்தக் காலத்தில்தான் உச்சத்துக்குப் போனது. பின்னாளில் ராஜேந்திர சோழர் கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்துச் சுவரில் ஆடும் பெருமானைப் பாருங்கள். கீழே மெலிந்த உடம்போடு காரைக்கால் அம்மையாரும் உட்கார்ந்திருப்பார். முதலில் பாடியவரைச் சிற்பி மறக்கவில்லை.

செப்புத் திருமேனி எதற்கு? கருவறையில் இருக்கும் மூலவர் வெளியே வர முடியாது. உற்சவர் வீதிக்கு வருவார். நடக்க முடியாதவன், வாசலோடு நின்றுவிட்டவன், எல்லோரும் பார்க்கலாம். அதனால் ஒரே பார்வையில் எல்லாம் புரிகிற மாதிரி அந்த உருவத்தைச் செய்ய வேண்டியிருந்தது.

வார்க்கும் முறையையும் சொல்லணும். முதலில் மெழுகில் முழு உருவமும் செய்வார்கள். அதன் மேல் வண்டல் மண்ணைப் பூசிப் பூசிக் காய வைப்பார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைப்பார்கள். ஒரு வார்ப்புக்கு ஒரு சிலைதான், அந்த அச்சு மறுபடி உதவாது. நாங்கள் தொழிற்சாலையில் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் சாமான் அடித்துத் தள்ளுவதைத் தினமும் பார்க்கிறவர்கள். அதனால் இதன் அருமை எங்களுக்கு நன்றாகத் தெரியும். மெழுகில் ஒரு நகத்தைக்கூட யோசிக்காமல் வைத்திருக்க மாட்டார்கள். முயலகன் வேண்டாம் என்றால் மெழுகிலேயே விட்டிருப்பார்கள். விடவில்லை.

சரி, பொருளுக்கு வருவோம். சைவ சித்தாந்த சாத்திரங்கள் 14. அதில் ஒன்று உண்மை விளக்கம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் மாணவர் திருவதிகை மனவாசகங்கடந்தார் எழுதியது. சின்ன நூல்தான். கேள்வி பதில் மாதிரி போகும். சீடர் கேட்பார், குரு சொல்வார். ஆணவம் என்றால் என்ன, நான் யார், இறைவன் யார், அவர் ஆடும் ஆட்டம் என்ன என்று வரிசையாகக் கேள்வி வரும். படிக்கும்போது எங்களுக்கு அந்தப் படிவம் 1 பையன் முகம்தான் ஞாபகம் வந்தது. 700 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் அவனை மாதிரியே கேட்டிருக்கிறார். அந்தக் குரு சுண்டல் கொடுத்து அனுப்பவில்லை, உட்கார வைத்துப் பதில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பதில் இது. ஒரு கையில் இருக்கும் உடுக்கை படைத்தலைக் குறிக்கும், ஓசையிலிருந்து உலகம் தோன்றுகிறது. அஞ்சாதே என்று காட்டும் கை காத்தல். தீ ஏந்திய கை அழித்தல். ஊன்றிய பாதம் மறைத்தல், அதாவது உயிர் பக்குவப்படும் வரை இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு நம்மை உலகத்தில் உழல விடுவது. தூக்கிய பாதம் அருளல், முத்தி. ஐந்து தொழிலும் ஒரே உருவத்தில் இருக்கிறது. ஊன்றிய காலும் தூக்கிய காலும் ஒரே உடம்பில் இருப்பதைக் கவனியுங்கள். கஷ்டத்தில் வைப்பதும் அவர்தான், தூக்கிவிடுவதும் அவர்தான்.

அதே நூல் இன்னொரு பாடலில் அந்த உருவத்திலேயே ஐந்தெழுத்தையும் காட்டுகிறது. உடுக்கை ஏந்திய கை சி, வீசிய கை வ, அபயக் கை ய, தீ ஏந்திய கை ந, காலடியில் இருக்கும் முயலகன் ம. படிக்கத் தெரியாத ஒருவர் நடராஜரைப் பார்த்தாலே நமசிவய என்று வாசித்த மாதிரி.

இங்கேதான் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். முயலகன் ஐந்தெழுத்தில் ஓர் எழுத்து! ம என்றால் மலம், ஆணவ மலம். அவரை எடுத்துவிட்டுத் தாமரை வைத்தால் பஞ்சாட்சரத்தில் ஓர் எழுத்தை அழித்த மாதிரி ஆகும்.

ஆணவம் என்றால் வெறும் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சித்தாந்தம் சொல்வது அதைவிட ஆழம். உயிரின் அறிவை மூடும் இருட்டு அது. அணு என்ற சொல்லோடு சேர்ந்த வார்த்தை. பெரியதாக இருக்க வேண்டிய உயிரை அணு மாதிரிச் சின்னதாக்கிவிடும். முயலகனைக் குள்ளனாகச் செய்தது இதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது. நான், எனது என்று சொல்லச் சொல்ல மனிதன் பெரியவனாகிறான் என்று நினைக்கிறோம். உண்மையில் குள்ளமாகிறான்.

இப்போது பையனின் இரண்டாவது கேள்வி. ஏன் சாகவில்லை?

சித்தாந்தப்படி இறைவன், உயிர், மலம் மூன்றுக்கும் தொடக்கம் கிடையாது. முத்தி அடைந்தாலும் ஆணவம் அழிந்து போவதில்லை, அதன் வலிமைதான் அடங்கிப் போகிறது. அதனால்தான் முயலகன் செத்துக் கிடக்கவில்லை. உயிரோடு, தலையைத் தூக்கிப் பார்த்தபடி, எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கிறான். கால் எடுத்தால் எழுந்துவிடுவான். சாத்திரம் சொல்லும் உவமை செம்பும் களிம்பும். செம்பு இருக்கும் வரை களிம்பும் கூடவே இருக்கும். இதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதே இல்லை. இருபது வருஷமாகப் புளி போட்டுத் தேய்க்கிறோம். தேய்த்த அன்று தகதக என்று இருக்கும், மூன்று மாதத்தில் மறுபடி பச்சை பூத்துவிடும். ஒருமுறை தேய்த்துவிட்டோம், முடிந்தது என்று சொல்ல முடிகிறதா?

நம் பத்துமலை பக்தர்களுக்கு இது புதிது இல்லை. கந்தபுராணத்தில் முருகன் சூரபத்மனை அழித்து ஒழிக்கவில்லை. வேல் பட்டுப் பிளந்த மாமரம் சேவலும் மயிலுமானது. ஒன்று கொடியில் ஏறியது, மற்றது வாகனமானது. அடங்கிய ஆணவத்துக்குச் சுவாமி பக்கத்திலேயே இடம் கிடைக்கிறது. நம் சாமிகள் காலடியிலும் கொடியிலும் இருப்பவர்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் நிறைய விளங்கும்.

அடுத்து, முயலகன் எங்கிருந்து வந்தான் என்ற கதை. எங்களை ரொம்ப யோசிக்க வைத்தது இதுதான். தாருகாவனத்து முனிவர்கள் தவம், யாகம் எல்லாம் குறைவில்லாமல் செய்தவர்கள். அதனாலேயே, நாம் செய்கிற கர்மமே பலன் தரும், கடவுள் எதற்கு என்று செருக்கு வந்துவிட்டது. பிச்சாடனராக வந்த சிவபெருமான் மேல் கோபப்பட்டு யாகம் வளர்த்தார்கள். யாகத் தீயிலிருந்து புலி வந்தது, அதன் தோலை உடுத்திக்கொண்டார். மானும் பாம்பும் வந்தன, கையில் ஏந்தினார், அணிந்துகொண்டார். கடைசியில் முயலகன் வந்தான். காலால் அழுத்தி, அவன் மேல் ஆடினார்.

கவனிச்சீங்களா? முயலகன் குடிகாரன் வீட்டிலோ திருடன் வீட்டிலோ பிறக்கவில்லை. பூசை செய்கிறவர்கள் வளர்த்த யாகத் தீயில் பிறந்தான். அதாவது நம்மை மாதிரி ஆட்களிடமிருந்து. கோயில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். உபயப் பலகையில் யார் பெயர் முதலில், யாருக்கு முதல் மாலை, போன வருஷம் அன்னதானத்தை யார் நடத்தினது, கூட்டத்தில் என்னை ஏன் கேட்கவில்லை. இதெல்லாம் எங்களுக்குள் நடந்ததுதான், இல்லை என்று சொல்ல மாட்டோம். சந்நிதிக்குள் நின்றுகொண்டே முயலகனை வளர்க்க முடியும். அதனால்தான் அவன் சந்நிதியில், நம் கண்ணுக்கு நேரே, கும்பிடும் உயரத்தில் படுத்திருக்கிறான் என்று இப்போது நினைக்கிறோம்.

வடிவத்தை மாற்றவே கூடாதா என்று கேட்கலாம். மாறியிருக்கிறது. திருச்சிக்குப் பக்கத்தில் திருவாசி என்று ஒரு தலம், தேவாரத்தில் திருப்பாச்சிலாச்சிராமம். அங்கே கொல்லிமழவன் என்ற மன்னனின் மகள் முயலகன் என்ற வலிப்பு நோயால் துன்பப்பட்டாள். திருஞானசம்பந்தர் பதிகம் பாட, நோய் நீங்கியது. அந்தக் கோயில் நடராஜர் காலடியில் முயலகன் கிடையாது, பாம்புதான் இருக்கிறது. ஆனால் அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, ஒரு பதிகம் இருக்கிறது, அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் கதை சொல்வார்கள். நம் தாமரைக்கு என்ன கதை சொல்வோம்? பார்க்க அழகாக இருந்தது என்றா? (இடையில் ஒன்று: நோய்க்கு அந்தப் பெயர் இருந்தது என்பதால் வலிப்பு வருபவர்களை யாரும் தப்பாகப் பேச வேண்டாம். அது நோய், மருத்துவம் இருக்கிறது.)

இன்னொரு வேடிக்கை. தாமரை வேண்டும் என்று சொன்ன அந்த அன்பரோடு போய் நம் செப்பு நடராஜரைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். முயலகனுக்குக் கீழே பாருங்கள். பீடமே தாமரைதான்! சோழர் காலத்து நடராஜர்களிலும் அப்படித்தான், முயலகன் பத்ம பீடத்தின் மேல்தான் படுத்திருப்பான். தாமரையை இதயத்துக்கு அடையாளமாகச் சொல்வது நம் மரபு. அப்படி வைத்துப் பார்த்தால், இதயத் தாமரையில் ஆணவம் படுத்திருக்கிறது, அதன் மேல் இறைவன் ஆடுகிறான். அந்த அன்பர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா இது என் கண்ணுல படலயே" என்றார். எங்கள் கண்ணிலும்தான் படவில்லை.

வெளி உலகம் இதைப் பார்த்த கதையையும் சுருக்கமாகச் சொல்கிறோம். 1912-இல், கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி என்ற அறிஞர் சிவ நடனத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். 1918-இல் அது நியூயார்க்கில் புத்தகமாகவும் வந்தது. அவருடைய தந்தை முத்து குமாரசுவாமி இலங்கைத் தமிழர். அந்தக் கட்டுரைக்கு அவர் ஆதாரமாக எடுத்தது உண்மை விளக்கம், திருமந்திரம் போன்ற நம் நூல்களைத்தான். பிரான்சின் பெரிய சிற்பி ரோடின், சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்தே வியந்து எழுதினார். 2004-இல் சுவிட்சர்லாந்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் 2 மீட்டர் உயர நடராஜர் வைக்கப்பட்டார். அது இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு.

புலனத்தில் வருவது வேறு மாதிரி இருக்கும். விஞ்ஞானிகள் நடராஜரைக் கடவுள் என்று நிரூபித்துவிட்டார்கள் என்றும், சிதம்பரம் பூமியின் காந்த மையம் என்றும் வரும். தயவுசெய்து அதை அனுப்பாதீர்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் அறிவியல் படிக்கிறார்கள், ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். சிதம்பரத்தின் பெருமைக்குக் காந்தம் தேவையில்லை. அங்கே திரையை விலக்கினால் தெரிவது வெட்டவெளியும் அதில் தொங்கும் பொன் வில்வ மாலையும்தான். உருவம் இல்லாதவனுக்கு இதைவிட என்ன அடையாளம் வைக்க முடியும்?

கடைசியாக ஒரு செய்தி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடு போன சோழர் கால நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் அளவுக்கு விலை கொடுத்து வாங்கியது. திருட்டு என்று தெரிந்து 2014-இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். திருட்டுப் போனால் போலீஸ் தேடலாம், நீதிமன்றம் போகலாம், ஒரு நாள் திரும்பி வரலாம். ஆனால் சிலை இருந்த இடத்திலேயே இருக்க, அதன் பொருள் மட்டும் நம்மிடமிருந்து போய்விட்டால் யாரிடம் புகார் கொடுப்பது? அதைத் திருடியவன் வெளி ஆள் இல்லையே. சொல்லிக் கொடுக்காமல் விட்டது நாம்தானே.

போன வாரம் அந்தப் பையனை உட்கார வைத்துச் சொன்னோம். பெற்றோர்களும் இப்படிச் சொல்லலாம்: "அது பிள்ளை இல்லப்பா. நமக்குள்ள இருக்குற 'நான்தான் பெரிய ஆள்'ங்குற எண்ணம். அதுக்கு ஒரு உருவம் கொடுத்தா எப்படி இருக்கும்னு அந்தக் காலத்துச் சிற்பி செஞ்சு காட்டியிருக்காரு. அது சாகாது. ஆனா அடங்கும். சாமி கால் அது மேல இருக்குற வரைக்கும் நம்மளத் தொந்தரவு பண்ணாது. உன் கூட்டாளிகிட்ட இதையே சொல்லு."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ எனக்குள்ளயும் இருக்கானா?" இருக்கான் என்றோம். "அங்கிளுக்குள்ள?" எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்த அங்கிள் சொன்னார், "எனக்குள்ள நல்லாப் பெரிசா இருக்கான்பா. அதான் வாரா வாரம் இங்க வர்றேன்."

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, சுதை நடராஜரின் முயலகனை எடுக்க வேண்டாம், பழையபடியே சரி செய்வோம். தாமரை சொன்ன அன்பரே அந்தச் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பலகையில் தன் பெயர் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவருக்கு எங்கள் நன்றி. இரண்டு, சந்நிதிக்குப் பக்கத்தில் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஐந்து தொழிலையும் முயலகனையும் விளக்கி ஒரு சின்னப் பலகை வைப்போம். கேட்கிற பிள்ளைக்கும், வாசலில் நின்று பார்க்கிற மற்ற இனத்தவருக்கும் பதில் அங்கேயே கிடைக்கட்டும். சம்மதம் இல்லாதவர்கள் தாராளமாகக் கூட்டத்துக்கு வந்து பேசுங்கள். கேட்டுக்கொள்கிறோம்.

திருவாதிரைக்கு முந்தின நாள் மாலை வழக்கம்போல் திருமேனி துலக்கும் தொண்டு இருக்கிறது. புளியும் பழைய பிரஷும் தயார். இந்த வருஷம் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. முயலகன் முதுகை அவர்களே தேய்க்கட்டும். தேய்க்கும்போது பக்கத்தில் நின்று கதையைச் சொல்லுங்க.

திருச்சிற்றம்பலம்.